வராதவர்களின் பட்டியல்

“எத்தனை வருஷமாம்மா பிரஷர்?” என்று இதயநோய் மருத்துவர் கேட்டார். மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல். இரவு இரண்டு மணி. அம்மா என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். “பிரஷரெல்லாம் கிடையாதுங்க டாக்டர். நல்லாத்தான் இருந்தாரு” என்றார் அம்மா. அப்பாவுக்கு அப்போது 57 வயது. மாரடைப்போடு வந்து சேர்ந்த அந்த இரவில்தான் அவருக்குச் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. கண்ணையும் சிறுநீரகத்தையும் மறுநாள் சோதித்துவிட்டு, “இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல. பத்து வருஷமாவது இருக்கும்” என்றார்கள்.

அந்தப் பத்து வருடமும் அப்பா மருத்துவரையே பார்க்காமல் இருந்துவிடவில்லை. காய்ச்சல் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒருவர். முழங்கால் வலிக்கு இன்னொருவர். கண்ணாடி மாற்ற ஒரு கண் மருத்துவமனை. நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் காஸ் மாத்திரை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதுச் சீட்டு எழுதுவார்கள், மருந்து தீர்ந்ததும் அது குப்பைக்குப் போகும். போன காரியம் எல்லா இடத்திலும் முடிந்தது. காய்ச்சலும் விட்டது, முழங்காலும் தேவலையானது. ஆனால் அப்பா என்ற ஒரு மனிதரைத் தொடர்ந்து பார்த்துவந்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தார். எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். தெருக்கோடியில் ஒரு எம்.பி.பி.எஸ். மருத்துவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்தார். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். தாத்தா எதனால் இறந்தார், பெரியப்பாவுக்கு எந்த வயதில் பக்கவாதம் வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்பா ஊர் திரும்பிய பிறகு, அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் அந்த மருத்துவரின் கையெழுத்து. 1999-ல் அப்பாவின் ரத்த அழுத்தம் 150/96. கீழே தமிழில், ‘ஊறுகாய், அப்பளம் கூடாது. அடுத்த மாதம் அவசியம் வரவும்.’ அடுத்த பக்கம் காலி. சில மாதங்களில் அவர் இறந்துபோனார், கிளினிக் மூடப்பட்டது. அவரோடு அவருடைய ஞாபகமும் போயிற்று. எங்கள் வீட்டில் வேறு யாரும் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கைராசி என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஞாபகம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. நீரிழிவின் முதல் சில ஆண்டுகளும் அப்படித்தான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது, கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்துக் களைத்த பிறகுதான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. தாகமும் சோர்வும் தெரியும்போது பாதித் தூரம் கடந்திருக்கும். வலி இல்லாத நோய்க்கு நோயாளி தானாக வர மாட்டார். அவர் வேறு எதற்கோ வரும்போது ஒருவர் பார்த்து, எழுதிவைத்து, மறுபடி கூப்பிட வேண்டும். சிறப்பு மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆக மாட்டார். அவரிடம் நாம் போவதே நோய் வந்த பிறகுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. அதற்கு முந்தைய நிலையில், ‘பார்டரில்’ இருப்பவர்கள் 13.6 கோடி. வயதுவந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த கணக்கெடுப்பு சொன்னது இதைவிடக் கவலை தருவது. சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் மட்டுமே. பத்தடிக்கு ஒரு மருந்துக் கடையும் தெருவுக்கொரு ரத்தப் பரிசோதனைக் கூடமும் உள்ள மாநிலத்தின் கணக்கு இது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னதாக, 53 வயதை ஒட்டி வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வயது அது.

ஒரு மருத்துவர் தனியாளாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வேல்ஸ் கிராமத்தின் கதையைச் சொல்ல வேண்டும். கிளின்கோருக் என்பது ஊரின் பெயர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த, சுமார் 2,000 பேர் கொண்ட ஏழை ஊர். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1961-ல் அங்கே வந்து சேர்ந்தார். ஊரில் ஆண்கள் நடு வயதிலேயே மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சாவதைப் பார்த்தார். 1968 வாக்கில் ஒரு முடிவு எடுத்தார்: நோயாளி என்று வருபவருக்கு மட்டும் என்றில்லாமல், தன்னிடம் பதிவான வயதுவந்தவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிடுவது.

முகாம் போடவில்லை. விரல் நசுங்கி வந்தவர், பிள்ளையின் இருமலுக்காக வந்தவர், மருத்துவச் சான்றிதழ் கேட்டு வந்தவர் என யார் வந்தாலும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டார். பெயர்ப் பட்டியலில் குறி விழாத பெயர்கள் மிஞ்சின. மருத்துவரிடம் வரவே வராதவர்கள் அவர்கள். அவர்களை அவர் தேடிப் போனார். உயர் அழுத்தம் இருந்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் சராசரி 186/110. 1987-ல் அதே குழுவின் சராசரி 146/84. அவர்களில் புகைபிடிப்பவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை அவர் 1991-ல் வெளியிட்டபோது, 65 வயதுக்குள் இறப்போர் விகிதம் பக்கத்து ஊரைவிட அவருடைய ஊரில் 28 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வறுமையில் இருந்த சுரங்க ஊர்கள்.

மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை 1971-ல் எழுதியவரும் இவர்தான். அந்தக் கட்டுரையை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. எனக்கு அதைவிட அவருடைய அட்டைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

டியூடர் ஹார்ட் கெட்டிக்காரர், கடும் உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தெருக்கோடி மருத்துவரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. பட்டியல். பிரிட்டனில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கிறார்கள். ஆகவே யார் வந்தார் என்பதோடு யார் வரவில்லை என்பதும் அங்கே மருத்துவருக்குத் தெரியும். நம் ஊரில் எவ்வளவு நல்ல மருத்துவரும் வந்தவரைத்தான் அறிவார். வராதவருக்கு அவர் எந்த விதத்திலும் பொறுப்பு அல்ல. வேறு யாரும் பொறுப்பு அல்ல.

ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதற்கு என்ன பலன் என்று நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தது. மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்க நேர்வதும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்திருந்தது. ஒரு மாத்திரைக்கு இந்த அளவு பலன் இருந்திருந்தால் அதன் பெயர் இந்நேரம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கும்.

“பார்டர்லதான் இருக்கு, பயப்பட வேண்டாம்.” நம் ஊர் கிளினிக்குகளில் தினமும் சொல்லப்படும் இந்த ஆறுதல் என்னைப் பயமுறுத்துகிறது. தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அந்த பார்டர்தான். இதைச் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், பார்டர் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். கணக்குப் போட்டால், ஆறேழு பேரை மாற்றினால் ஒருவர் தப்பிக்கிறார். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எடை குறையவில்லையே என்று மனம் நொந்து நடையை நிறுத்திவிடுகிற எத்தனையோ பேரிடம் ஒரு மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தி அது: இயந்திரம் காட்டாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

அந்த ஆய்வில் செய்ததில் அதிசயம் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பேச்சு. ‘நடக்கிறீர்களா, ஏன் நடக்கவில்லை, எண்ணெய் எவ்வளவு வாங்குகிறீர்கள்’ என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான்.

அறிவுரை நம்மிடம் மலிந்து கிடக்கிறது. காலையில் நடங்கள், சோற்றைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள். மூன்று ஷிப்ட் மாறும் ஆலைத் தொழிலாளி எந்தக் காலையில் நடப்பார்? இரவு முழுக்க லாரி ஓட்டுபவர் வழியில் பரோட்டாவைத் தவிர எதைச் சாப்பிடுவார்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமில்லாமல் தானே தின்னும் அம்மாக்களிடம் கலோரி அட்டவணையை நீட்டி என்ன பயன்? இந்தியர்களின் உணவில் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் மாவும். அந்தத் தட்டை மாற்ற வேண்டுமானால் வீட்டில் யார் சமைக்கிறார், யார் கடைக்குப் போகிறார், பொரியல் எவ்வளவு வைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். சோற்றை நிறுத்து என்றால் எங்கள் அப்பா சண்டைக்கு வருவார். “ரெண்டு கரண்டி குறைச்சு, அந்த இடத்துல சுண்டலும் கீரையும் வைங்க” என்று அம்மாவிடம் சொன்னால் நடக்கும். வீட்டை அறிந்த மருத்துவர் அம்மாவிடம்தான் சொல்வார்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு ரத்த அழுத்தக் கருவி, விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி, தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவு நாடா. நம்மவர்களில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது ஓர் எச்சரிக்கை. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னுக்கும் இருப்பதை நாம் தொப்பை என்று சிரித்துக் கடக்கிறோம். அந்த வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினுக்கு முதல் எதிரி. நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு நாடாவைச் சுற்றி, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, புகை உண்டா என்று கேட்டு, அழுத்தம் பார்த்து எழுதப் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடம்தான் இல்லை. பல நாடுகளில் மருத்துவர் நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில் ஸ்வீடனுக்கு 22 நிமிடம். இந்தியாவுக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டி. இரண்டு நிமிடத்தில் காய்ச்சலைத்தான் கேட்க முடியும். இதற்கு மருத்துவரை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. நோயாளி எண்ணிக்கைக்குத்தான் அவருக்கு வருமானம். வாடகை, நர்ஸ் சம்பளம் எல்லாம் அதிலிருந்து. “ஊசி கூடப் போடலை, பேசியே அனுப்பிட்டாரு” என்று சொல்லி அடுத்த தடவை வேறு கிளினிக்குக்குப் போகிறவர்கள் நாம்தானே? பேச்சுக்குக் காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. மாஸ்டர் செக்கப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, நட்சத்திரக் குறி போட்ட தாள்களை வாங்கிவந்து பீரோவில் வைக்க மனம் வருகிறது. படித்துச் சொல்ல ஆள் இல்லாத தாள் யாரையும் காப்பாற்றாது.

அரசின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. மாரடைப்பு வந்துவிட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் பணம் போகிறது; அந்த மனிதருக்கு ஸ்டென்ட் தேவைப்படாமல் பதினைந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு ரூபாய் போவதற்கும் வழி இல்லை.

தமிழ்நாடு இதில் தூங்கிக்கொண்டிருந்த மாநிலம் அல்ல. 2007-லேயே உலக வங்கி உதவியோடு விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்த அழுத்தத்தைக் கண்டறியும் முன்னோடித் திட்டம் நடந்தது. அரசு மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களுக்கு அழுத்தம் பார்த்தார்கள். எங்கள் மாவட்டம்தான்! அப்பா அரசு மருத்துவமனைப் படி ஏறியதில்லை. அதனால் அவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அடுத்த பாய்ச்சல். தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். அத்திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 2020-ஐவிட நிலைமை தேறியும் இருக்கிறது. வெயிலில் தெருத் தெருவாக நடக்கும் அந்தப் பெண் தன்னார்வலர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ரத்த அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்ற அவர்களால் முடியாது. மாற்றக்கூடிய மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, விதிப்படி 30,000 பேர். அவரும் மேற்படிப்புக்கோ இடமாறுதலிலோ போய்விடுவார். அப்பாவின் நோட்டில் அடுத்த பக்கம் காலியான கதைதான் திரும்பவும்.

விட்டுப்போகும் ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் நெடுங்கால உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவம் ஆனதும் என்ன நடக்கிறது? சர்க்கரை இறங்கிவிடுகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவள் தவறாமல் வருகிறாள். ஊசி போட்டு அனுப்புகிறார்களே தவிர, “உனக்குச் சர்க்கரை பார்த்து எத்தனை நாள் ஆச்சும்மா?” என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஒரு மருத்துவர், தாய்க்கு ஒருவர் என்று இல்லாமல் குடும்பத்துக்கு ஒருவர் இருந்தால், ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் ஒரு மருத்துவரிடம் பெயர் பதிய வேண்டும். அரசு மருத்துவரோ, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தெருமுனை எம்.பி.பி.எஸ். மருத்துவரோ, அது குடும்பத்தின் விருப்பம். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு ஆண்டுத் தொகை தர வேண்டும். பட்டியலில் எத்தனை பேரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் கொஞ்சம். வந்தவர் எண்ணிக்கைக்கு அல்ல. பிரிட்டனில் இரண்டு வழிமுறையும் நடைமுறையில் இருந்தவைதான். மருத்துவர் மாறினால் பதிவேடு அடுத்தவரிடம் போக வேண்டும். இறந்தவரோடு புதைந்துவிடக் கூடாது. குடும்ப மருத்துவம் என்ற பட்டமேற்படிப்பைப் பெருக்க வேண்டும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்லியிருக்கிறது. ‘மேற்கொண்டு இடம் கிடைக்காதவர்தான் ஜெனரல் டாக்டர்’ என்று நாம் பேசும்வரை, நல்ல மாணவர்கள் அந்தப் படிப்பின் பக்கம் வர மாட்டார்கள். இந்தப் பேச்சை நிறுத்துவதற்கு அரசாணை தேவையில்லை.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். இருமலுக்கு வந்தவரின் கையிலும் பட்டையைச் சுற்றுங்கள். மறுமாதம் வரச் சொன்னவர் வராவிட்டால், நர்ஸை விட்டு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் நான்கு ஆண்டுகளாக ஓர் இளம் மருத்துவர் இதைச் செய்துவருகிறார். அப்பாவை முதல் நாள் அழைத்துப்போனபோது, அவர் பெயருக்குக் கீழே அம்மா பெயர், என் பெயர், தம்பி பெயர் என்று எல்லாவற்றையும் வயதோடு எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு பார்டர் என்று கண்டுபிடித்தவர் அவர். இப்போது அம்மா மாலையில் கோயில் பிரகாரத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிறார்; சர்க்கரை ஏறவில்லை. எனக்கு மூன்று மாதமாக அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. தம்பிக்கு 41 வயது, அவன் பெயருக்கு நேரே மட்டும் எண் எதுவும் இல்லை. “உங்க தம்பி இன்னும் வரலையே?” என்று சென்ற வாரமும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.